இருதயத்தின் பக்கவழிக் குழாய்கள்: கைகொடுப்பதும் கைவிடுவதும்

இருதயத்துக்கு ஆஞ்சியோகிராம் பரிசோதனை செய்துகொண்ட ஒருவருக்குத் தரப்படும் அறிக்கையில், அடைப்புகள் பற்றிய விவரங்களோடு 'ரைட் டாமினன்ட்' அல்லது 'லெஃப்ட் டாமினன்ட்' என்றொரு சொற்றொடரும் பெரும்பாலும் காணப்படும். வலது ஆதிக்கம், இடது ஆதிக்கம் என்று அதனைத் தமிழில் கூறலாம். ஏதேனும் ஒரு குழாய் முற்றாக அடைபட்டிருந்தால், அதன் கீழ்ப்பகுதி 'கொலேட்டரல்' குழாய்கள் மூலம் நிரம்புகிறது என்ற குறிப்பும் அதே அறிக்கையில் இடம்பெறக்கூடும்.

மருத்துவர்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்வதற்காக எழுதும் இந்த இரண்டு குறிப்புகளும் நோயாளிக்கு விளக்கப்படுவது அரிது. வெளிநாடொன்றில் வாழும் முதியவர்கள் பலர், தமக்குப் பழக்கமில்லாத மொழியில் எழுதப்பட்ட அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கின்றனர். பிள்ளைகளுக்கு மொழி தெரிந்தாலும் பொருள் தெரிவதில்லை. 'ஆதிக்கம்' என்பது ஏதோ ஒரு நோயின் பெயர் என்று கலங்குவோர் உண்டு. 'இயற்கையே பைபாஸ் செய்துவிட்டது' என்று நிம்மதியடைந்து மருந்தைக் கைவிடுவோரும் உண்டு. இவற்றுள் இரண்டாவது தவறே ஆபத்தானது.

பிரிட்டன் போன்ற நாடுகளில் வாழும் தெற்காசியப் பின்னணி கொண்டவர்களிடையே இருதயக் குழாய் நோய் மற்றவர்களைவிட அதிகமாகவும், சற்று இளவயதிலும் காணப்படுகிறது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. எனவே, இந்த இரண்டு குறிப்புகளும் என்ன சொல்கின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

பின்புறத்துக்கு யார் பொறுப்பு?

இருதயத்தின் அறைகளில் எப்போதும் இரத்தம் நிறைந்திருந்தபோதிலும், அதன் தசை அந்த இரத்தத்திலிருந்து நேரடியாக உணவு பெறுவது மிகச் சொற்பம். இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அடியிலிருந்து பிரியும் இரண்டு குழாய்களே அத்தசைக்கு இரத்தத்தைக் கொண்டு செல்கின்றன. இவை இருதயத்தைக் கிரீடம் போலச் சூழ்ந்திருப்பதால் கரோனரித் தமனிகள் என்று பெயர் பெற்றன. இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு 'முடியுரு நாடி' என்ற சொல் நினைவிருக்கலாம்.

இடது தமனி ஒரு குறுகிய தண்டாகத் தொடங்கி, விரைவிலேயே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை இருதயத்தின் முன்புறமாகக் கீழிறங்குகிறது. மற்றது இடப்பக்கமாகச் சுற்றிப் பின்னோக்கிச் செல்கிறது. வலது தமனி வலப்பக்கமாகச் சுற்றி அதே பின்புறத்தை அடைகிறது. இவ்வாறு இரு திசைகளிலிருந்தும் வரும் குழாய்கள் நெருங்கும் இடத்தில், ஏதாவது ஒன்று கீழ்நோக்கித் திரும்பி, இருதயத்தின் பின்புறத்தையும் அடிப்புறத்தையும் கவனித்துக்கொள்ளும் ஒரு கிளையைத் தருகிறது. அந்தக் கிளையைத் தருவது எந்தத் தமனியோ, அதுவே 'ஆதிக்கம்' உடையது என்று குறிப்பிடப்படுகிறது.

நூறு பேரில் ஏறத்தாழ 80 முதல் 85 பேருக்கு இந்தக் கிளை வலது தமனியிலிருந்து வருகிறது. 10 பேர் அளவில் இடது தமனியிலிருந்து வருகிறது. எஞ்சியவர்களுக்கு இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. இவை யாவும் பிறவியில் அமைவன. வலது கைப்பழக்கம், இடது கைப்பழக்கம் போன்ற வேறுபாடுகளே தவிர நோய்கள் அல்ல.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த நோயியல் நிபுணர் மன்ரோ ஷ்லெசிங்கர், இறந்தவர்களின் இருதயக் குழாய்களுக்குள் சாயத்தைச் செலுத்தி ஆராய்ந்து, 1940ஆம் ஆண்டு இந்த மூவகைப் பாகுபாட்டை வெளியிட்டார். 'ஆதிக்கம்' என்று அன்று வழங்கிய சொல்லே நிலைத்துவிட்டது. ஆனால் அது பொருத்தமான சொல் அல்ல. வலது ஆதிக்கம் கொண்ட இருதயத்திலும், உடல் முழுவதற்கும் இரத்தத்தை இறைக்கும் இடது கீழறையின் பெரும்பகுதிக்கு உணவூட்டுவது இடது தமனிதான். பின்புறத்துக்கு யார் பொறுப்பு என்பதை மட்டுமே அந்தச் சொல் குறிக்கிறது.

ஒரே அடைப்பு, இருவேறு விளைவுகள்

ஆயினும் மாரடைப்பு ஏற்படும்போது இந்தப் பொறுப்புப் பங்கீடு முக்கியத்துவம் பெறுகிறது. வலது தமனி திடீரென அடைபடுவதாகக் கொள்வோம். வலது ஆதிக்கம் கொண்டவருக்கு இருதயத்தின் அடிப்புறம் பாதிக்கப்படும். மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டலைக் கடத்தும் கணுவுக்கான இரத்தமும் பெரும்பாலும் இதே குழாயிலிருந்து செல்வதால், நாடித்துடிப்பு வெகுவாகக் குறைந்து தலைச்சுற்றலோ மயக்கமோ ஏற்படலாம். அடிப்புறம் உதரவிதானத்தின் மீது அமர்ந்திருப்பதால் வலி மேல்வயிற்றில் தோன்றக்கூடும்; வாந்தியும் வரலாம். வாயுக்கோளாறு என்று கருதி இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு இத்தகைய மாரடைப்பே ஏற்பட்டிருக்கும்.

இடது ஆதிக்கம் கொண்டவருக்கு அதே வலது தமனி அடைபட்டால் சேதம் பொதுவாகக் குறைவு. ஏனெனில் அங்கு அது வலது கீழறையை மட்டுமே கவனித்துக்கொள்ளும் சிறிய குழாய். ஆனால் அவரது இடது தமனியின் தண்டு அடைபட்டால் நிலைமை தலைகீழாகிறது. இடது கீழறை முழுவதும் அந்த ஒரே குழாயை நம்பியிருக்கிறது. மறுபக்கத்திலிருந்து உதவிக்கு வர எதுவும் இல்லை.

கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் ஆஞ்சியோகிராம் செய்யப்பட்ட இருதய நோயாளிகளின் பதிவேட்டைக் கொண்டு 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, தீவிர இருதயக் குழாய் நோயுடன் வந்தவர்களில் இடது ஆதிக்கம் கொண்டவர்களிடையே இறப்பு சற்று அதிகம் என்று கண்டது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 1,600-க்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைப் படங்களை ஆராய்ந்தவர்கள், வயது ஏற ஏற இடது ஆதிக்கம் கொண்டவர்களின் விகிதம் குறைந்து வருவதை 2013ஆம் ஆண்டு தெரிவித்தனர். அவ்வாறானவர்களில் சிலர் முதுமையை எட்டுவதற்கு முன்பே இறந்திருக்கலாம் என்பது அதற்குக் கூறப்படும் ஒரு விளக்கம். குழாய்களில் நோய் இல்லாதவரை இந்த வேறுபாட்டினால் எந்தத் தொல்லையும் இல்லை. அதனை மாற்றுவதற்குச் சிகிச்சையும் இல்லை, தேவையும் இல்லை.

முந்நூறு ஆண்டுகள் நீடித்த சர்ச்சை

ஒரு குழாய் அடைபட்டால் பக்கத்துக் குழாயிலிருந்து உதவி வருமா என்பது பழைய கேள்வி. இங்கிலாந்தின் மருத்துவர் ரிச்சர்ட் லோவர், இருதயத்தைப் பற்றி 1669ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஒரு கரோனரித் தமனிக்குள் செலுத்தப்படும் திரவம் மற்றதற்கும் பரவுகிறது என்று எழுதினார். இரண்டுக்கும் இடையே இணைப்புகள் உள்ளன என்பது அதன் பொருள்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஜெர்மானிய நோயியல் அறிஞர் யூலியஸ் கோன்ஹைம் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார். நாய்களின் கரோனரிக் கிளைகளைக் கட்டியபோது, சிறிது நேரத்தில் இருதயம் நின்றுபோனதை அவர் 1881ஆம் ஆண்டு விவரித்தார். கரோனரித் தமனிகள் முட்டுச்சந்துகளைப் போன்றவை, ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்ற கருத்து அதன் பின்னர் வேரூன்றியது. இணைப்புகளைக் கண்டதாகக் கூறியவர்களிடம், அவை நோயினால் உண்டானவை என்று பதில் கூறப்பட்டது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் ஃபுல்டன் 1963ஆம் ஆண்டு இந்தச் சர்ச்சையை ஏறக்குறைய முடித்துவைத்தார். இறந்தவர்களின் இருதயங்களுக்குள் ஊடுகதிரில் தெரியும் திரவத்தைச் செலுத்தி, முப்பரிமாணமாகப் பார்க்கத்தக்க படங்களை எடுத்த அவர், நோயற்ற இருதயங்களிலும் தமனிகளுக்கிடையே ஏராளமான இணைப்புகள் இருப்பதைக் காட்டினார். அவற்றில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நுண்ணிய குழாய்கள். அதுவரை அவை கண்ணில் படாததற்கு அதுவே காரணம். லோவர், கோன்ஹைம் இருவருமே தாம் கண்டதையே எழுதினர் எனலாம். இணைப்புகள் உண்டு, ஆனால் திடீரென ஏற்படும் அடைப்பை ஈடுசெய்ய அவை பெரும்பாலும் போதுமானவை அல்ல.

குழாய் எவ்வாறு பருக்கிறது?

'புதுக்குழாய் முளைத்திருக்கிறது' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது முழுதும் சரியல்ல. ஏற்கனவே இருக்கும் நுண்குழாய்களே பருத்து வளர்கின்றன. ஜெர்மனியின் பாட் நவ்ஹைம் நகரில் இருந்த மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் வொல்ஃப்காங் ஷாப்பரும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் செய்த ஆராய்ச்சிகளே இதன் இயக்கத்தைத் தெளிவுபடுத்தின.

ஒரு தமனி மெல்ல மெல்லக் குறுகும்போது அடைப்புக்குக் கீழே அழுத்தம் குறைகிறது. அண்டையிலுள்ள ஆரோக்கியமான தமனியில் அழுத்தம் குறையவில்லை. இந்த வேறுபாட்டினால் இரண்டையும் இணைக்கும் நுண்குழாயில் இரத்தம் வேகமெடுத்து ஓடுகிறது. விரைந்தோடும் இரத்தம் குழாயின் உட்சுவரை உராயும்போது அச்சுவரின் உயிரணுக்கள் தூண்டப்படுகின்றன. வெள்ளணுக்கள் அங்கு வந்து குழுமுகின்றன. பழைய சுவர் பகுதியளவில் கரைந்து, தசை கூடிய புதிய, அகலமான சுவர் எழுகிறது. வாய்க்காலில் நீர்வரத்து கூடினால் கரை அரித்து அகலமாவதைப் போன்றதுதான் இது என்றாலும், இங்கு கரை தன்னைத் தானே கட்டிக்கொள்ளவும் செய்கிறது.

அகலம் சிறிது கூடினாலும் பயன் பெரிது. குழாயின் விட்டம் இரு மடங்கானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே செல்லக்கூடிய இரத்தத்தின் அளவு 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆனால் இந்த வளர்ச்சிக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரை பிடிக்கும். மாரடைப்போ நிமிடங்களில் நிகழ்வது. கொழுப்புப் படிவு ஒன்று வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும்போது, அது பெரும்பாலும் அதுவரை பாதிக்கு மேல் திறந்திருந்த குழாயாகவே இருக்கும். அங்கு பக்கவழிகள் வளர்வதற்கான காரணமே முன்னர் இருந்திருக்காது. பல ஆண்டுகள் நெஞ்சுவலியோடு வாழ்ந்தவர் பிழைத்துக்கொள்வதும், ஒருநாளும் வலியறியாத நடுத்தர வயதினர் முதல் மாரடைப்பிலேயே மடிவதும் சில வேளைகளில் நிகழ்வதற்கு இது ஒரு காரணம்.

மனிதருக்கு மனிதர் வேறுபாடும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிறிஸ்தியன் சைலர் தலைமையிலான குழுவினர், குழாய்க்குள் ஒரு சிறு பலூனை ஒரு நிமிடம் ஊதி அடைத்து, அதற்கு அப்பால் எஞ்சும் அழுத்தத்தை அளவிடும் முறையைப் பரவலாகப் பயன்படுத்தினர். வழக்கமான ஓட்டத்தில் கால் பங்கு பக்கவழியாக வந்து சேர்ந்தாலே, ஓய்வு நிலையில் தசை அந்த ஒரு நிமிடத்தைப் பாதிப்பின்றிக் கடக்கிறது. குழாய்களில் குறுக்கம் ஏதுமில்லாதவர்களிலும் நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்கு இத்தகைய வசதி இருப்பதை 2003ஆம் ஆண்டு இவர்கள் தெரிவித்தனர். விலங்குகளில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. கினிப் பன்றியின் கரோனரித் தமனியைக் கட்டினாலும் அதன் இருதயத் தசை இறப்பதில்லை. சாதாரணப் பன்றிக்கோ பக்கவழி ஏறக்குறைய இல்லை.

பக்கவழிகள் நன்கு அமைந்தவர்களுக்கு உண்மையான நன்மை உண்டு. 12 ஆய்வுகளில் இடம்பெற்ற 6,529 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அத்தகையவர்களிடையே இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவு என்று மதிப்பிட்டது.

உதவியின் எல்லை

அப்படியானால் நிம்மதியடைவதில் என்ன தவறு என்று கேட்கலாம். முதலாவதாக, பக்கவழி தருவது ஓய்வு நிலைக்குப் போதுமான இரத்தத்தை மட்டுமே. இருதயத் தசை, தனக்கு வரும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் பெரும்பகுதியை ஓய்வு நிலையிலேயே எடுத்துவிடுகிறது. உழைப்பின்போது கூடுதல் பிராணவாயு வேண்டுமானால் கூடுதல் இரத்தம் வந்தாக வேண்டும். நன்கு வளர்ந்த பக்கவழிகள்கூட இந்தக் கூடுதல் தேவையை நிறைவுசெய்வது அரிது. எனவேதான் முற்றாக அடைபட்ட குழாயைக் கொண்டவர் நாற்காலியில் அமர்ந்திருக்கையில் நலமாக இருக்கிறார். மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்.

இரண்டாவது விடயம் இன்னும் முக்கியமானது. பக்கவழி என்பது கடன் வாங்கிய இரத்தம். கொடுக்கும் குழாயும் அதே உடலில், அதே சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் புகைக்கும் ஆளாகியிருப்பதுதான். அந்தக் கொடையாளிக் குழாய் ஒருநாள் அடைபட்டால், அதற்குச் சொந்தமான தசையும் அதனை நம்பியிருந்த தசையும் ஒரே நேரத்தில் இரத்தமின்றித் தவிக்கும். மருந்தை நிறுத்தியவர் பணயம் வைப்பது இதனைத்தான். அறிக்கையில் 'கொலேட்டரல்' என்று கண்டால், அது எந்தக் குழாயிலிருந்து வருகிறது, அந்தக் குழாயின் நிலை என்ன என்று மருத்துவரிடம் கேட்பதே பொருத்தமான கேள்வி. பக்கவழிகளின் தரத்தை 0 முதல் 3 வரையிலான எண்ணால் குறிக்கும் வழக்கமும் உண்டு. 1985ஆம் ஆண்டு முதல் பயன்படும் இந்த அளவுகோல் ஊடுகதிர்ப் படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே மதிப்பிடுகிறது.

மாரடைப்பு நேர்கையில் பக்கவழி தருவது அவகாசம். இரத்தம் நின்றவுடன் தசை முழுவதும் ஒருசேர இறப்பதில்லை; உட்புற அடுக்கில் தொடங்கும் அழிவு சில மணி நேரத்தில் அலைபோல வெளிப்புறம் நோக்கி நகர்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் ரைமரும் ஜென்னிங்ஸும் 1977ஆம் ஆண்டு நாய்களில் காட்டினர். பக்கவழியாக வரும் சிறிதளவு இரத்தம் அந்த அலையின் வேகத்தைக் குறைக்கிறது. அதனை நிறுத்துவதற்குக் குழாயைத் திறந்தாக வேண்டும். தமக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பது வலி தொடங்கிய வேளையில் வீட்டிலிருக்கும் எவருக்கும் தெரிய வழியில்லை.

பக்கவழிகளை வளர்க்கும் முயற்சிகள்

இருதயத்துக்குப் பக்கவழிகளை உண்டாக்கித் தருகிறோம் என்ற வாக்குறுதிக்கு நீண்ட வரலாறு உண்டு. மார்பெலும்பின் உட்புறமாகக் கீழிறங்கும் மார்புத் தமனியைக் கட்டிவிட்டால், தடைபட்ட இரத்தம் நுண்ணிய இணைப்புகள் வழியாக இருதயத்துக்குத் திரும்பும் என்ற யோசனை 1930களின் இறுதியில் இத்தாலியில் பிறந்தது. 1950களில் அமெரிக்காவில் இந்த அறுவை சிகிச்சை பரவலாகியது. நோயாளிகள் பலர் வலி நீங்கிவிட்டதாகக் கூறினர்.

சியாட்டில் நகரில் லெனர்ட் கோப் என்ற மருத்துவரும் சகாக்களும் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 17 நோயாளிகள் இடம்பெற்றனர். அனைவருக்கும் மார்பில் தோல் கீறப்பட்டது. சிலருக்கு மட்டும் தமனி கட்டப்பட்டது. மற்றவர்களுக்குத் தையல் மட்டும் போடப்பட்டது. இந்த ஏற்பாடு நோயாளிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதை இன்றைய மருத்துவ அறநெறி ஏற்காது. ஆனால் முடிவு தெளிவாக இருந்தது: இரு பிரிவினருக்கும் ஒரே அளவில் நலம் ஏற்பட்டது. அந்த அறுவை சிகிச்சை விரைவில் கைவிடப்பட்டது. நெஞ்சுவலி குறைந்தது என்ற நோயாளியின் கூற்றை மட்டும் வைத்து ஒரு சிகிச்சையை மதிப்பிட இயலாது என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது.

இரத்தக் குழாய்களை வளர்க்கும் புரதங்களைச் செலுத்தும் முயற்சிகள் 1990களின் இறுதியில் பெரும் எதிர்பார்ப்பை உண்டாக்கின. 2003ஆம் ஆண்டு முடிவுகள் வெளியான 'விவா' சோதனையில், அத்தகைய புரதம் பெற்றவர்கள் 60 நாட்களுக்குப் பின் நடைப்பட்டையில் நடந்த நேரம், போலி மருந்து பெற்றவர்களின் நேரத்தை விஞ்சவில்லை. கால்களைக் காற்றுப் பட்டைகளால் அழுத்தும் 'ஈஈசிபி' சிகிச்சை, 139 பேரிடம் நடத்தப்பட்டு 1999ஆம் ஆண்டு வெளியான சோதனையில் நெஞ்சுவலியை ஓரளவு குறைத்தது. அது உயிரிழப்பைத் தடுக்கும் என்று அந்தச் சோதனை காட்டவில்லை. 'இயற்கை பைபாஸ்' என்று விளம்பரங்களில் வர்ணிக்கப்படும்போது இந்த வேறுபாடு சொல்லப்படுவதில்லை.

உடற்பயிற்சிக்கு ஓரளவு சான்று உண்டு. ஜெர்மனியில் 60 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மேற்பார்வையுடன் நான்கு வாரங்கள் பயிற்சி செய்தவர்களின் பக்கவழி ஓட்டம் ஏறத்தாழ 40 சதவீதம் உயர்ந்தது. கடும் பயிற்சிக்கும் மிதமான பயிற்சிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இது மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது; வலியைப் பொருட்படுத்தாமல் நடந்தால் குழாய் வளரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

முற்றாக அடைபட்ட பழைய குழாயைப் பலூன் மூலம் திறப்பதா, மருந்தோடு விட்டுவிடுவதா என்ற கேள்விக்கும் இப்போது ஓரளவு விடை கிடைத்துள்ளது. ஐரோப்பாவில் 396 பேரிடம் நடந்து 2018ஆம் ஆண்டு வெளியான சோதனையில், திறக்கப்பட்டவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்து வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. 2019ஆம் ஆண்டு வெளியான, கொரிய மருத்துவர்கள் தலைமையிலான சோதனை, இறப்பிலோ மாரடைப்பிலோ வேறுபாட்டைக் காணவில்லை. எனவே தொல்லை இருப்பவருக்குத் திறப்பதும், இல்லாதவருக்கு மருந்துகளைத் தொடர்வதும் பொதுவான வழக்கமாகி வருகிறது.

இதற்கிடையே, கோப் புதைத்துவிட்டதாகக் கருதப்பட்ட பழைய யோசனைக்கு பெர்ன் நகரில் மறுபிறவி கிடைத்துள்ளது. வலது மார்புத் தமனியை ஒரு சிறு கருவியால் நிரந்தரமாக அடைத்து, அதன் விளைவை வலியின் அளவால் அல்லாமல் குழாய்க்குள் எடுத்த அழுத்த அளவீடுகளால் சைலரின் குழுவினர் சோதித்தனர். 100 நோயாளிகளைக் கொண்டு, பாதிப் பேருக்குப் போலிச் சிகிச்சை மட்டும் அளித்து, 2020ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளின்படி, உண்மையிலேயே அடைக்கப்பட்டவர்களின் வலது கரோனரித் தமனிக்கு வரும் பக்கவழி ஓட்டம் அதிகரித்திருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அறுவை மருத்துவர்கள் ஊகித்த நுண்ணிய இணைப்புகள் உண்மையிலேயே இருந்தன என்பதை இது காட்டுகிறது. அந்தக் கூடுதல் ஓட்டம் நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்குமா என்பதைக் காட்டும் அளவுக்கு அது பெரிய சோதனை அல்ல.